குன்னூர் வீடு: பழுது பார்ப்பதா, விட்டுப் போவதா?

வாசகர் கடிதம்:

குன்னூர் வண்டிச்சோலைப் பக்கம் எங்கள் வீடு. 1971ல் அப்பா கட்டியது, 750 சதுர அடி. கருங்கல் சுவர், மண் சாந்து, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, மேலே தகரம். 1994ல் பின்பக்கம் சமையலறையும் ஓர் அறையும் காங்கிரீட் தளத்தோடு சேர்த்தோம். பின்சுவரை ஒட்டி 3 அடிச் சந்து. அதையடுத்து 9 அடி உயர மேடு. அதற்குச் சாந்தில்லாத கல்லடுக்குச் சுவர். மழைக்காலம் முழுக்கப் பின்னறைச் சுவரில் ஓதம். சமையலறைத் தளத்திலிருந்து காரை விழுகிறது, கம்பி தெரிகிறது. முன்னறை ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல். கழிவறை வெளியே இருக்கிறது. சாலையிலிருந்து 42 படி இறங்க வேண்டும். அம்மாவுக்கு 78 வயது, மூட்டுவலி. மேஸ்திரி தகரத்தை எடுத்துவிட்டுத் தளம் போட்டு, மேலே ஓர் அறை கட்டி, பின்மேட்டை 5 அடி வெட்டிக் கழிவறை போட 16 லட்சம் கேட்கிறார். கோத்தகிரியில் ஒரு புது வீடு 48 லட்சத்துக்கு வருகிறது. மகனோ கோவைக்கு வந்துவிடச் சொல்கிறான். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். கணவர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். என்ன செய்யலாம்?

பதில்:

மேஸ்திரியின் திட்டத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கோத்தகிரி வீட்டுக்கும் இப்போது கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வழிகளைத் தவிர நான்காவதாக ஒன்று உண்டு: புதிதாகப் பாரம் ஏற்றாமல், மேட்டில் மண்வெட்டி படாமல், இருக்கிற வீட்டைக் காயவைத்துப் பலப்படுத்திக்கொள்வது. உங்கள் விவரங்களைப் படித்தவரை என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியது சுவரோ கூரையோ அல்ல, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மேடு. சுவரைத் திருத்தலாம், கூரையை மாற்றலாம். நகரத் தொடங்கிய மலைச்சரிவை ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கொண்டு நிறுத்த முடியாது. அதனால் மேட்டைப் பற்றி நீளமாகவே எழுதுகிறேன்.

நீலகிரியில் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கடினப் பாறை. அதன் மேல் பல அடி கனத்துக்குச் சிவந்த களிமண் கலந்த மண் போர்த்தியிருக்கிறது. காய்ந்திருக்கும்போது இந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதை நம்பித்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். தொடர்ந்து மழை இறங்கும்போது துளைகளில் தண்ணீர் நிறைந்து மண்ணின் எடை கூடுகிறது, துகள்களுக்கு இடையிலான பிடிப்பு குறைகிறது. அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் இரவில்தான் மேடு இறங்குகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் உயிரிழந்த நிலச்சரிவுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை வருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே நீங்கள் கடிதம் எழுதியது நல்லதாயிற்று. இந்த ஒரு மழைக்காலம் முழுவதும் மேட்டைக் கவனியுங்கள். கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கல்லடுக்குச் சுவர். மேலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ஒவ்வோர் அடி உயரத்திலும் நூலுக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். சுவரின் நீளத்தில் நாலு இடத்தில் அளந்தால் போதும். அளந்த இடங்களில் பெயின்ட்டால் குறியிட்டு வையுங்கள். நல்ல கல்லடுக்கு மேட்டின் பக்கம் சற்றுச் சாய்ந்தே நிற்கும். நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ மேல்பகுதி உங்கள் வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தாலோ அது எச்சரிக்கை. இன்று அளந்து, மழைக்கு நடுவில் ஒருமுறையும் ஜனவரியில் ஒருமுறையும் அளங்கள். எண்கள் மாறவில்லை என்றால் சுவர் பழைய வயிற்றோடு அப்படியே நிற்கிறது என்று பொருள். ஒரு மழைக்காலத்திலேயே ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தாலும் சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறது.

கல்லடுக்கு ஒழுகுகிறது என்று அதன் முகத்தில் சிமென்ட் பூச யாராவது யோசனை சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சாந்தில்லாத சுவரின் பலமே இடுக்குகள் வழியாகத் தண்ணீரை வெளியே விடுவதில்தான் இருக்கிறது. பூசி அடைத்தால் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் முழுவதும் சுவர் மேல் விழும். அழகுக்காகப் பூசப்பட்டு அடுத்தடுத்த மழைகளில் விழுகிற சுவர்கள் மலையில் ஏராளம்.

இரண்டாவதாக, மேட்டுக்கு மேலே ஏறிப் பாருங்கள். தரையில் பிறை வடிவத்தில், சரிவுக்குக் குறுக்காக, வெடிப்பு ஓடுகிறதா? வெடிப்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா? மரங்களின் அடித்தண்டு கீழ்ப்பக்கம் வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கிறதா? வேலிக்கல்லோ மின்கம்பமோ சாய்ந்திருக்கிறதா? இவற்றில் பிறை வெடிப்புதான் மிக மோசமான அடையாளம். அதைக் கண்டால் களிமண் இட்டு இறுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து, மழை உள்ளே இறங்காமல் தடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் சொல்லுங்கள். மழை நேரத்தில் வெடிப்பு விரிந்தாலோ, சந்தில் திடீரென்று கலங்கிய தண்ணீர் ஊற்றெடுத்தாலோ அம்மாவை அழைத்துக்கொண்டு உடனே வெளியேறிவிட்டு, பிறகு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு அழையுங்கள். பொருட்களுக்காக ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

மூன்றாவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. வீடு சாலைக்குக் கீழே இருப்பதால் சாலையோரக் கால்வாய் அடைத்தால் அந்தத் தண்ணீர் உங்கள் மேட்டில்தான் இறங்கும். மேல்வீட்டுக்காரரின் கழிவுநீர்க் குழி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எளிதான சோதனை இது: பிப்ரவரி, மார்ச்சில், பல வாரம் மழையில்லாதபோது சந்து ஈரமாக இருந்தால் அது மழைநீர் அல்ல. மேலேயுள்ள உறிஞ்சுகுழியோ, உடைந்த குடிநீர்க் குழாயோதான் காரணம். அது தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. மேல்வீட்டாரோடு சேர்ந்து செலவைப் பகிர்ந்தாவது அந்தக் குழியை மேட்டு விளிம்பிலிருந்து தள்ளி அமைக்கச் சொல்லுங்கள். மேட்டின் தலைக்குச் சில அடி பின்னால் சிமென்ட் கால்வாய் ஒன்று எடுத்து, மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பி ஓடையில் விட வேண்டும். அதன் அடியில் வெடிப்பு விழுந்தால் அதுவே தண்ணீரை மேட்டுக்குள் ஊற்றும். ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் பார்த்து அடைப்பது கட்டாயம்.

இப்போது முடிவு எடுக்கும் விதம். பிறை வெடிப்பு இருந்தால், அல்லது கல்லடுக்கு இந்த மழையில் நகர்ந்தால், இந்த வீட்டில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். இடம் மாறுவதுதான் சரி. வாடகை வீடானாலும் பரவாயில்லை. இரண்டும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

மேஸ்திரி சொன்ன இரண்டு வேலைகளும், அதாவது மேட்டை வெட்டுவதும் மேலே கட்டுவதும், இந்த வீட்டுக்கு ஆகாதவை. 9 அடி மேட்டின் அடியில் 5 அடி வெட்டினால் இத்தனை வருடம் அதைத் தாங்கிய பாதத்தையே எடுக்கிறீர்கள். பிறகு அதற்குத் தகுந்த தடுப்புச் சுவர் கட்ட ஆகும் செலவு கழிவறைச் செலவைப்போலப் பல மடங்கு. அந்த 16 லட்சத்தில் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். மேலும், நீலகிரியில் மண் வெட்டவும் பொக்லைன் இறக்கவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மலைப்பகுதி விதிகளில் கட்டட உயரத்துக்கும் வரம்பு உண்டு.

மேல் அறையின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தகரம் வேய்ந்த முன்பகுதி 450 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். தகரமும் மரச்சட்டமும் சேர்ந்து ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். அங்கே 5 அங்குலக் காங்கிரீட் தளம் போட்டால் 13 டன். அதன் மேல் பத்துக்குப் பத்து அறை, 9 அங்குலச் செங்கல் சுவர், 10 அடி உயரம்: கதவு ஜன்னலுக்குக் கழித்தாலும் சுவர் 14 டன், அதன் தளம் 3 டன். ஆக ஒரு டன் கூரை இருந்த இடத்தில் 30 டன். மண் சாந்தில் கட்டிய கருங்கல் சுவர் பார்வைக்கு ஒன்றரை அடி கனமாக இருந்தாலும் உள்ளே அது இரண்டு தனித்தனி முகங்கள், நடுவில் சில்லும் மண்ணும். எடை கூடும்போது இரண்டு முகங்களும் எதிரெதிர்ப் பக்கம் பிதுங்கும். இன்னொன்றும் யோசியுங்கள்: அந்த 30 டன்னும் 42 படி வழியாகத்தான் இறங்க வேண்டும். ஆளுக்கு 25 கிலோ சுமை என்றால் 1,200 நடை. சுமைக்கூலி யார் கணக்கு என்பதை மலையில் முதலில் பேசாத ஒப்பந்தம் பாதியில் சண்டையில்தான் முடியும்.

ஜன்னல் மூலை விரிசலுக்கு வருகிறேன். மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரத்தின் ஒரு பகுதி அமுங்கியதைக் காட்டும். எப்போதோ அமுங்கி நின்றுவிட்டதா, இப்போதும் அமுங்குகிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் இரு பக்கமும் சிறு ஆணி அடித்து, ஆணிகளுக்கு இடையிலான தூரத்தை மாதம் ஒருமுறை ஒரே காலிப்பரால் அளங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்காகச் சாந்தில் பதித்து வைப்பது பழைய முறை. நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அகலம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்து, மழை முடியும்வரை மாறாமலும் இருந்தால் பூசி மறக்கலாம். அதைத் தாண்டியிருந்தாலோ, கதவு திடீரென்று நிலையில் உரசத் தொடங்கினாலோ, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். அந்த மூலையில் கூரைத் தண்ணீர் நேராக அஸ்திவாரத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். தகரக் கூரைக்குத் தூம்பு இல்லாத வீடுகளில் மூலை அமுங்க அதுதான் வழக்கமான காரணம். தூம்பு மாட்டி, குழாய் வழியாகத் தண்ணீரை வீட்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலே பல விரிசல்கள் அதன்பின் அசைவதில்லை.

ஓதத்துக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சுவரின் உள்பக்கத்தில் ஏதாவது பூசிவிட்டுப் போகிறார்கள். அதற்கு முன் அது எந்த வகை ஓதம் என்று தெரிய வேண்டும். ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சமையல் ஆவி, உள்ளே காயப்போடும் துணி, அடைத்துவிட்ட காற்றுத்துளைகள்தான் காரணம். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உங்கள் வீட்டில் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சந்தின் தரை, அறையின் தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் மேட்டிலிருந்து உதிரும் மண் அங்கே சேர்ந்து, சுவர் முக்கால் அடி, ஒரு அடி புதைந்திருப்பது மலையில் சகஜம். முதல் வேலை அந்த மண்ணை அள்ளுவது. மேட்டின் பாதத்தைத் தொடாமல், உதிர்ந்து சேர்ந்ததை மட்டும் அள்ளுங்கள்.

பிறகு சந்தில் வடிகால். அறைத் தரை மட்டத்துக்கு அரை அடி கீழே இருக்கும்படி, ஒன்றரை அடி அகலத்தில் பள்ளம். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போகவே கூடாது. முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டாமல் 6 அடி, 6 அடியாகத் தோண்டி முடித்துக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் ஒரே நேரத்தில் வீட்டுச் சுவருக்கும் கல்லடுக்குக்கும் பிடிமானம் போய்விடும். அடியில் ஜியோ துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் துணி) விரித்து, துளையிட்ட 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை, 100 அடிக்கு 1 அடி சரிவாக வைத்து, சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி நிரப்பித் துணியை மேலே மடித்து மூடுங்கள். துணியில்லாமல் ஜல்லி மட்டும் போட்டால் நம் களிமண் சில மழைகளிலேயே அடைத்துவிடும். குழாயின் வாய் வீட்டின் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் திறக்கட்டும். மழையன்று அதில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாலே வேலை சரியா என்று தெரிந்துவிடும்.

உள்பக்கம் யாராவது எப்போதாவது சிமென்ட் பூசியிருந்தால் அதைச் சுரண்டி எடுங்கள். சுண்ணாம்பு, மண் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடக்கூடியது. சிமென்ட் பூச்சும் வால் புட்டியும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைப்பதால் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. ஒரு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து இரண்டு தடவையாகப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும். சந்தில் வடிகால் வேலை முடிந்து ஒரு கோடை கழிந்த பிறகே பூச்சு. ஈரச்சுவரில் அவசரமாகப் பூசுவது பணத்தை இரண்டு முறை செலவழிப்பது.

சுவரைப் பலப்படுத்த, இரு முகங்களையும் கோக்கும் நீளக்கற்களை, அல்லது அந்த இடத்திலேயே வார்க்கும் கம்பி வைத்த சிறு காங்கிரீட் கட்டைகளை, உயரத்தில் 2 அடிக்கு ஒன்று, நீளத்தில் 4 அடிக்கு ஒன்று எனப் பதிக்கலாம். ஒரு கல்லை எடுத்து ஓட்டை போட்டு, அதை அடைத்து இறுகிய பிறகே பக்கத்துக் கல்லைத் தொட வேண்டும். பொறுமையான கொத்தனார் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

சமையலறைத் தளம்தான் உள்ளே இருக்கும் அவசரமான ஆபத்து. கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காங்கிரீட்டைத் தள்ளுகிறது. மேலே சிமென்ட் அப்பினால் துரு நிற்காது. சில மாதத்தில் பெரிய துண்டாக விழும். சிறு சுத்தியலால் அடியிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள்; தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். 'டங்' என்ற கெட்டிச் சத்தம் நல்லது. பொத்தல் சத்தம் வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் தளத்தில் கால்வாசிக்குள் இருந்தால், பெயர்ந்ததை எடுத்து, கம்பியைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, தேய்ந்துபோன இடங்களில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் சாந்து போட்டுச் சரிசெய்யலாம். பாதிக்கு மேல் என்றால் தளத்தை இடித்துவிட்டுத் தகரக் கூரை போடச் சொல்வேன். பழைய தளத்தின் பல டன் எடையும் சுவரிலிருந்து இறங்கும். அதுவரை அந்த இடத்துக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். அம்மா அங்கே உட்கார்ந்து காய்கறி நறுக்க வேண்டாம்.

முன்பக்கத் தகரத்தைப் பொறுத்தவரை மாற்றுவது லாபம். 0.5 மில்லிமீட்டர் கலர் ஷீட், ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூ, ஓரம் 2 அடி வெளியே நீளட்டும். ஷீட்டுக்கு அடியில் காற்று ஓட இடம்விட்டு, கண்ணாடிப் பஞ்சும் சீலிங்கும் வைத்தால் குளிரும் குறையும், விடிகாலையில் தகரத்தின் அடியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நிற்கும். அதற்கு முன் ஒவ்வொரு சட்டத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவருக்குள் போகும் நுனிகளை. சுலபமாக இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்றத்தான் வேண்டும். கழிவறைக்கு மேட்டை வெட்ட வேண்டாம்; பின்னறையில் 5 அடிக்கு 7 அடி ஒதுக்கினால் போதும். கதவு 3 அடி அகலம், 45 சென்டிமீட்டர் உயர மேல்நாட்டு இருக்கை, இரு பக்கமும் சுவரில் போல்ட் போட்ட கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், ஹீட்டருக்குத் தனி ஒயரும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும். 78 வயதில் டிசம்பர் இரவில் வெளியே கழிவறைக்கு நடப்பது எனக்கு மிகவும் கவலை தருகிறது. வீட்டுக்குள் மற்ற வேலைகள் காத்திருந்தாலும் இது காத்திருக்கக் கூடாது.

இனி 42 படி. எந்தப் பணத்தாலும் முழுக்கத் தீராத பிரச்சினை இதுதான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படிக்கு 18 சென்டிமீட்டர் என்றால் மொத்த இறக்கம் ஏழரை மீட்டர். சக்கர நாற்காலி போகும் சரிவுப்பாதைக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஆக 90 மீட்டர் நீளப் பாதை. உங்கள் இடத்தில் நடக்காது. செய்யக்கூடியது: படி உயரத்தை 15 சென்டிமீட்டராகவும் மிதிப்பை 30 ஆகவும் மாற்றுவது (படிகள் ஐம்பதாகக் கூடும், முழங்காலுக்கோ வலி குறையும்), பத்துப் படிக்கு ஒரு திண்ணை, இரு பக்கமும் 90 சென்டிமீட்டர் உயரத்தில் உருண்டைக் குழாய்க் கைப்பிடி, விளக்கு. படியின் அகலமும் திருப்பங்களும் ஸ்ட்ரெச்சர் திரும்பும் அளவு இருக்கட்டும், 4 அடிக்குக் குறையாமல். பக்கத்துத் தோட்டம் வழியாக ஜீப் வரக்கூடிய தடம் ஏதாவது வீட்டு மட்டத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் அந்த நிலத்துக்காரரிடம் வழியுரிமை வாங்கிப் பதிவு செய்துகொள்வது, மேலே அறை கட்டுவதைவிட ஆயிரம் மடங்கு பயன்.

அம்மாவிடமும் கேளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை குன்னூர் லாலி அரசு மருத்துவமனைக்குப் போகவே தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய நிலை வந்துவிட்டால், மேடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த வீடு அவருக்குப் பொருந்தாது. அப்போதும் விற்க அவசரப்பட வேண்டாம். டிசம்பரிலிருந்து மூன்று மாதம் மகனோடு கோவையில் இருந்து பாருங்கள். ஏப்ரல், மே வெயிலிலும் ஒருமுறை இருந்து பாருங்கள். ஐம்பது வருடம் குன்னூர்க் குளிருக்குப் பழகிய உடம்பு சமவெளிக் கோடையை எப்படித் தாங்கும் என்பது அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பணமும் பத்திரமும். கோத்தகிரி வீட்டின் 48 லட்சத்தோடு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் 4.32 லட்சம், வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. அதில் 30 லட்சம் கடன் என்றால், எட்டரை சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 37,200 ரூபாய். அதில் எட்டு வருடம் கணவரின் ஓய்வுக்குப் பிறகு வருகிறது. பழைய வீட்டை விற்று அடைக்கலாம் என்று கணக்குப் போடும்போது, 42 படிக்குக் கீழே உள்ள வீட்டுக்கு வாங்குபவர் படிக்கே விலையைக் குறைப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புது வீட்டுக்கும் முதல் சோதனை இடம்தான். சரிவில் கட்டிய புது வீடுகளில் பாதி வெட்டிய மண்ணிலும் பாதி கொட்டி நிரப்பிய மண்ணிலும் நிற்பவை நிறைய. நிரப்பிய பாதி ஓரிரு மழைக்குப் பின் அமுங்கும். வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோட்டில் தரையில் விரிசல் தெரியும். புதுப் பெயின்ட் அடித்துக் கோடையில் காட்டப்படும் வீட்டை நவம்பர் மழையில் மறுபடி போய்ப் பாருங்கள். ஏப்ரலில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று விற்பவரிடம் அல்ல, பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர்வெல் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சை அனுமதி இல்லாமல் நம்பாதீர்கள். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் இவற்றோடு அங்கீகரித்த கட்டட வரைபடமும் கேளுங்கள். அந்தக் கிராமம் ஹாகா என்று சொல்லப்படும் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருந்தால், அந்த அனுமதியும் வனம், கனிமம், வேளாண் பொறியியல் துறைகளின் தடையின்மைச் சான்றுகளும் இருக்க வேண்டும். தேயிலை நிலமாக இருந்த இடமா என்பதையும் பாருங்கள்.

உங்கள் சொந்த வீட்டிலோ அப்பா பெயரில் உள்ள பட்டாவே பெரிய முட்டுக்கட்டை. அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் அதில் பங்கு. இன்று நீங்கள் போடும் பணம் மூவரின் சொத்திலும் போடும் பணம். நாளை அண்ணனோ அண்ணியோ கேட்கும்போது நோட்டுக் கணக்கு சாட்சியாகாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிந்து, பட்டா மாற்றிய பிறகே பெரிய வேலையைத் தொடங்குங்கள். வங்கிக் கடனும் அப்போதுதான் கிடைக்கும். அண்ணனிடம் தொலைபேசியில் பேசாதீர்கள். அவரும் ஊருக்கு வந்து, மேட்டையும் தளத்தையும் சேர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுவது நல்லது.

மேடு பிழைத்து, பத்திரமும் சரியானால், வேலைக்காலம் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிவரை. ஜனவரி உறைபனி இரவுகளில் சிமென்ட் இறுக நேரம் அதிகம் எடுக்கும். முட்டுகளை வழக்கத்தைவிட ஒரு வாரம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். முதலில் மேட்டு வடிகால், சந்து வடிகால்; அடுத்து கழிவறையும் சமையலறைத் தளமும்; பிறகு கூரை; படிகள்; அடுத்த ஆண்டு பூச்சு. மேஸ்திரியிடம் மொத்தத் தொகையாகப் பேசாமல் வேலைவாரியாக அளவும் விலையும் எழுதி வாங்குங்கள், சுமைக்கூலியைத் தனி வரியாக. பழைய வீட்டில் திறந்து பார்த்தால்தான் தெரியும் விஷயங்கள் இருப்பதால், வரும் தொகைக்கு மேல் கால் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை மூன்றுதான்: சமையலறைக்கு முட்டு, மேட்டுக்குத் தூக்குக்குண்டு அளவு, விரிசலுக்குத் தேதி. ஜனவரியில் அந்த நோட்டையும், மேடு, சந்து, விரிசல் ஆகியவற்றை ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் எடுத்த படங்களையும் பொறியாளரிடம் கொடுங்கள். ஒருநாள் வந்து பார்ப்பவருக்குத் தெரியாத நகர்வு அவற்றில் இருக்கும்.